ஓடுகிறவனுக்குப் பின்னால்

காரணமில்லாமல் ஓடுவதற்கு ஒரு மனிதருக்கு என்னென்ன வேண்டும்? நிலாவெளியிலிருந்து திரும்பிய நாள் தொட்டு இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. சப்பாத்து வேண்டும், நேரம் வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். கொழும்பு காலிமுகத்திடலில் ஓடுகிறவருக்கு அந்தப் பதில் போதும். சென்னை மெரினாவில் ஓடுகிறவருக்கும் போதும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில், விடியுமுன் இருட்டில், ஒரு தமிழ் ஆள் வேர்த்து விறுவிறுத்து ஓடிவருவதை எதிரே வந்து காண்கிற இன்னொருவருக்கு அது போதுமா என்பதுதான் என் ஐயம். போகிற ஊரில் எல்லாம் ஒரு நீண்ட ஓட்டம் ஓடிப்பார்ப்பது சில வருடங்களாக என் வழக்கம். அரை மரதன் தூரம், 21 கிலோமீற்றரும் கொஞ்சமும். பஸ்ஸில் போனால் ஊர் யன்னலுக்கு வெளியிலேயே கழிந்துவிடுகிறது. நடந்தால் ஒரு சந்தியைத் தாண்டுமுன் வெயில் ஏறிவிடுகிறது. ஓடும்போது ஒரு குறிச்சியில் பாண் வேகும் வாசனையையும் அடுத்த குறிச்சியில் கருவாடு காயும் வாசனையையும் ஒரே காலையில் வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஓடுவதற்கென்றே ஊர் ஊராகப் பயணம் செய்கிறவர்கள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். சின்னச் சின்ன நகரங்களும் தங்கள் பெயரில் ஓர் அரை மரதனை வைத்து அவர்களை அழைக்கின்றன. நிலாவெளியில் நான் ஓடியது அப்படி ஒரு போட்டியில் இல்லை. எண் அட்டையும் தொடக்கக் கோடும் கிடையாது. தங்கியிருந்த விடுதிப் படலையில் தொடங்கி வடக்கே இறக்கக்கண்டிப் பாலம், அங்கிருந்து திரும்பித் தெற்கே சாம்பல்தீவுப் பாலம், மறுபடியும் நிலாவெளி. இரண்டு பாலத்தையும் தொட்டு வந்தால் தூரம் ஏறக்குறையச் சரிவரும் என்று ஒரு கணக்கு.

நான் கிளம்பியபோது கடல் பக்கம் ஒரு வெளிறல் மட்டும் தெரிந்தது. சுபஹுத் தொழுகைக்குப் போகிறவர்கள் வெள்ளைத் தொப்பியோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். மாடுகள் வீதியின் நடுவிலேயே படுத்துக் கிடந்தன. பகல் முழுக்க வெயில் குடித்த தார் இரவெல்லாம் சூடு விடும். அந்தச் சூட்டுக்கு அவை காணியை விட்டு வீதிக்கு வந்துவிடும். கொஞ்சத் தூரம் ஓடியிருப்பேன், எதிரே ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயது சொல்லலாம். சாரம், தோளில் துவாய், கரியரில் மீனுக்குக் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டி. என்னைக் கண்டதும் நின்றார். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை. என் தோளுக்கு மேலால், நான் வந்த வழியை, கண் எட்டுகிற மட்டும் பார்த்தார். சைக்கிளை வீதிக்கரைக்கு எடுத்தார். அதன் பிறகுதான் பார்வை என் முகத்துக்கு வந்தது. “என்ன தம்பி, ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டார். “இல்ல ஐயா, சும்மா ஓடுறன்” என்றேன். அவர் இன்னொரு தரம் எனக்குப் பின்னால் பார்த்தார். “சரி, ஓடுங்க. மாடு கிடக்கும், பாத்துப் போங்க.” அவ்வளவுதான் நடந்தது. அவருடைய குரலில் கோபமோ சந்தேகமோ இல்லை; ஓர் அக்கறைதான் இருந்தது. அந்த அக்கறைதான் என்னை அலைக்கழிக்கிறது. ஓடிவருகிற ஒருவனைக் கண்டதும் அவனைத் துரத்தி வருவது எது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை அந்தக் கழுத்துக்கு யார் பழக்கியது?

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “அவர் யானை வருகுதோ எண்டு பாத்திருப்பார். நீங்கள் எல்லாத்தையும் கொண்டுபோய் அங்கதான் முடிவியள்” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குச்சவெளிப் பக்கத்துக் காடுகளில் யானை உண்டு. கட்டாக்காலி நாய்க்கும் குறைவில்லை. ஒரு முதியவர் தலையைத் திருப்பிய திருப்பலில் முப்பது வருடப் போரை ஏற்றி வைப்பதற்கு எனக்கு என்ன உரிமை? அவர் 1985இல் எங்கே இருந்தார், 1990இல் எந்தக் காட்டு வழியால் போனார், போனாரா இல்லையா, ஒன்றும் நான் கேட்கவில்லை. இந்த வீதியோரக் கிராமங்கள் அந்த இரண்டு காலத்திலும் வெறுமையானவை என்பதும், இந்தக் கரையிலிருந்து படகேறித் தமிழகத்து முகாம்களுக்குப் போனவர்கள் உண்டு என்பதும் பொதுவில் தெரிந்தது. அவ்வளவையும் ஒரு தனி மனிதரின் கண்ணுக்குள் போட்டுப் பார்க்கிறேனோ என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆனாலும் ஒன்றை நான் நிச்சயமாகச் சொல்லமுடியும்: அந்த இடத்தில் நான் நின்றிருந்து அவர் ஓடிவந்திருந்தால், நானும் அவருக்குப் பின்னால்தான் பார்த்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரர் எவரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஓட்டத்தைப் பற்றி எங்கள் உடம்புக்கு இரண்டு சட்டங்கள் சின்ன வயதிலேயே சொல்லித்தரப்பட்டன. இராணுவச் சென்றியைக் கண்டால் ஓடாதே என்பது ஒன்று. சைக்கிளில் வந்தால் இறங்கு, தொப்பியைக் கழற்று, ஐசியைக் கையில் எடு, உருட்டிக்கொண்டு மெல்ல நட. மழை கொட்டினாலும் நட. சுற்றிவளைப்பில் ஓடுகிறவன்தான் முதலில் பிடிபடுவான். ஷெல் கூவிற சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பது மற்றது. ஓடக்கூடாத இடமும் ஓடியே ஆகவேண்டிய நேரமும் என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடையில், ஓடலாம் விடலாம், உன் விருப்பம் என்கிற ஓட்டத்துக்கு எங்கள் நாளில் இடம் மிகக் குறைவு.

குறைவுதான், இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை முதல் மரதன் வைப்பார்கள். 42 கிலோமீற்றர் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. ஊரைச் சுற்றி ஐந்தோ ஆறோ கிலோமீற்றர், அதற்கும் பெயர் மரதன்தான். இன்றைக்கும் வடக்குக் கிழக்கில் பொங்கல் விழாவிலும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டிலும் சனசமூக நிலையத்து ஆண்டு விழாவிலும் வழுக்குமரம், சைக்கிள் ஓட்டம், தலையணைச் சண்டையோடு மரதனும் இருக்கும். விடியற்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இல்ல நிறத்துப் பெனியனோடு நிற்போம். முக்கால்வாசிப் பேர் வெறுங்கால். விசில் ஊதியதும் சின்ன வகுப்புப் பெடியள் பாய்ந்து ஓடி முதல் ஒழுங்கையிலேயே களைத்துப்போவார்கள். பெரிய வகுப்பு அண்ணாமார் பின்னால் சீராக வந்து ஒவ்வொருவராக முந்துவார்கள். படலை படலையாகப் பெண்கள் வாளியில் தண்ணீரோடு நின்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தலையில் ஊற்றுவார்கள். யாரோ ஒரு மாமி தேசிக்காய்ப் பாதியை உப்பில் தொட்டு வாயில் வைப்பார். திரும்பும் இடத்தில் விளையாட்டு ஆசிரியர் கதிரை போட்டு உட்கார்ந்து, குறுக்கு ஒழுங்கையால் யாரும் வராதபடி கையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுவார். ஓடி முடித்த ஒவ்வொருவனுக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. கடைசியாக வருகிறவனுக்கும் அதே புள்ளி. ஆகவே கடைசியாக வருகிறவனுக்குத்தான் கைதட்டு அதிகம். பாதை போடுவதுதான் பெரிய பாடு. முகாம் இருக்கிற சந்தியை விலக்கவேண்டும், சென்றி இருக்கிற வீதியை விலக்கவேண்டும். முன்கூட்டி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். அதனால் ஒழுங்கைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவோம். முன்னால் போகிற மோட்டார் சைக்கிளில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அது எதற்கென்று அப்போது நான் கேட்கவில்லை. எல்லா ஊர் மரதனிலும் அப்படித்தான் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாக ஓடியும் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்காத ஒரு காலை, வருடத்துக்கு ஒரு தரம் எங்களுக்குக் கிடைத்தது. இன்று சம்பளம் எடுத்துச் சப்பாத்து வாங்கி ஊர் ஊராகப் போய் ஓடுகிற நான் தேடுவது அந்தக் காலையைத்தானோ என்று நினைப்பதுண்டு.

நிலாவெளி வீதியில் இறக்கக்கண்டியை நெருங்கும்போது பொழுது புலர்ந்துவிட்டது. போர் முடிந்த பிறகு கட்டி முடித்த நீளப் பாலம். கீழே களப்பும் கடலும் சேருகிற நீர், சேற்று மணம், கண்ணா மரங்கள். பாலத்தின் சிமெந்துத் தடுப்பில் நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாலத்து மூட்டுகளை மிதிக்கும்போது உள்ளங்காலில் ஒரு வெட்டு, அதைத் தவிர வழுவழுப்பான தார். பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில், ஹோட்டல்களுக்குப் போகும் ஒரு கிளைவீதி முனையில் அந்தப் பலகை நின்றது. இருட்டில் போகும்போது கண்ணில் படவில்லை. நீல நிறம், அதில் வெள்ளையாக ஓர் அலை. அலை தலைக்கு மேல் சுருண்டு நிற்க, அதற்கு முன்னால் ஒரு மனித உருவம் ஓடுகிறது. ஒரு கால் மடிந்து, ஒரு கை முன்னே. கீழே ஓர் அம்புக்குறி, மேற்கே, நிலப்பக்கம். உப்புக் காற்றில் ஓரங்கள் துருவேறி, வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்த உருவத்தின் முன்னங்கால் பாதி போய்விட்டது. சுனாமி வெளியேற்றப் பலகை. கிழக்குக் கரை முழுக்க இது உண்டு, நானும் எத்தனையோ இடத்தில் கண்டு கடந்திருக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முன்னால் வந்து நின்றது அன்றுதான். நிலாவெளியில் ஓடுகிறவன் ஒருவனைப் பலகையில் எழுதி நாட்டவேண்டும் என்றால், ஊர் எழுதியது இவனைத்தான். மூச்சு வாங்க நின்று பார்த்தேன். அவனும் நானும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம், முழங்கை மடிப்புக்கூட ஒன்றுதான். அவன் ஓடுவது மேற்கே. நான் ஓடுவது கடலுக்குச் சமாந்தரமாக, போன வழியே திரும்பி, எங்கேயும் போய்ச் சேராமல்.

2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். அன்று காலையில் இந்தக் கரையில் ஓடியவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: கடல் உள்ளே போனது, பிள்ளைகள் மீன் பொறுக்க இறங்கினார்கள், பிறகு யாரோ கத்தினார்கள், ஓடினோம். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடத் தெரிந்தவர்கள் தப்பினார்கள் என்று சொல்வது தவறு. அந்த அலைக்கு முன்னால் எந்தக் காலும் பெரிதில்லை. ஆனால் யார் ஓடினார்கள், யாரால் ஓட முடியவில்லை என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, ஆச்சேயிலும் தமிழ்நாட்டின் கடலூரிலும் இலங்கையிலும் இறந்தவர்களில் பெண்கள் எவ்வளவு கூடுதல் என்பதைக் காட்டியது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள், ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஞாயிறு காலையில் பெண்கள் வீட்டிலும் கரையிலும் நின்றார்கள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள். காலைச் சுற்றிச் சேலை. நீந்தவோ மரம் ஏறவோ யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரிய பிள்ளையானதும் ஓடாதே என்று நிறுத்தப்பட்ட கால்கள் அவை. சென்றிக்கு முன்னால் ஓடாதே என்பது எங்களுக்குச் சட்டமாக இருந்தது சில காலம். தெருவில் ஓடாதே என்பது பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து சாகும்வரை சட்டம். இதை நாங்கள் யாருடைய சீருடையிலும் போட்டுவிட முடியாது.

நிலாவெளிக் கடற்கரையில் காலையில் ஓடுகிற பெண்களைக் காணலாம். நானும் கண்டேன். பெண்கள் இருவர், பொன்முடியைக் குதிரைவாலாகக் கட்டி, காதில் பாட்டுக் கருவியோடு, புறாத்தீவுக்குப் படகு தள்ளுகிறவர்களையும் கரைவலை இழுக்கிறவர்களையும் கடந்து ஓடினார்கள். படகுக்காரர்கள் சிரித்துக் கையசைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் எதற்கும் தப்பி ஓடவில்லை என்பது பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சுதந்திரம் அவர்களுக்கு இருப்பதில் எனக்குக் குறையில்லை. உலகத்திலும் அது பெண்களுக்கு நேற்றுக் கிடைத்ததுதான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல். என் குறை வேறு. அதே நேரத்தில் அதே மணலில் கரைவலைக் கயிற்றடியில் கூடையோடு காத்து நின்ற பெண்ணின் மகள், அந்த வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பின்னால் பத்தடி ஓடிப்பார்த்துவிட்டுத் தாயின் அதட்டலில் நின்றுவிட்டாள். எட்டு வயது இருக்கலாம். அவளுக்கு இன்னும் நாலைந்து வருடம் உண்டு. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயதைக் கடந்த பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று வந்தார். ஊரெல்லாம் மாலை போட்டோம், படம் போட்டோம். போரும் இடப்பெயர்வும் தின்ற மண்ணிலிருந்து அந்தக் கால்கள் அந்த வயதில் எழுந்தது சாதாரண விஷயம் இல்லை. எழுபது வயதில் ஓடிய பெண்ணுக்கு மாலை போட்ட நாங்கள், பதினாறு வயதில் ஓட நினைக்கிற பெண்ணுக்கு எந்த வீதியை விட்டு வைத்திருக்கிறோம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

தெற்கே சாம்பல்தீவுப் பக்கம் திரும்பியபோது வெயில் முதுகில் ஏறத் தொடங்கியது. உப்பளத்துப் பாத்திகள் கண்ணைக் கூசின. மேற்கிலிருந்து கச்சான் காற்று மெல்லக் கிளம்பி, வேர்வையை ஆறவிடாமல் தோலிலேயே உப்பாகக் காயவைத்தது. நாக்கால் மேலுதட்டைத் தொட்டால் கைத்தது. பத்தாவது, பன்னிரண்டாவது கிலோமீற்றரில் உடம்பு தானாகவே ஓடும். மனம் அப்போதுதான் அலையும். முதல்நாள் பின்னேரம் உப்புவெளியில், இதே வீதியோரத்தில் இருக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைகளுக்குப் போயிருந்தேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. அந்தப் போரில் இந்தப் பக்கம் இறந்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், ஒரே அளவுக் கல், கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. எங்கிருந்தோ வந்து இங்கே இறந்த பிள்ளைகளுக்கு எண்பது வருடம் கழித்தும் ஒருவர் புல் வெட்டுகிறார். அது நல்ல காரியம். இந்த மண்ணிலேயே பிறந்து இறந்த புலிப் போராளிகளின் துயிலும் இல்லங்கள் போர் முடிந்ததும் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டதை நினையாமல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. நகரத்துக் கடற்கரையும் நினைவில் வந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அங்கே காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடவில்லை, கடலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் 2019இல் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். ஓடினால் ஏன் ஓடுகிறாய், இருந்தால் ஏன் இருக்கிறாய் என்று கேட்கப்படுகிற பிள்ளைகள் உலகத்தில் எங்களிடம் மட்டும் இல்லை. 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அஹ்மட் ஆர்பெரி என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர் வீதியில் ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று சொல்லி மூன்று வெள்ளையர்கள் வாகனத்தில் துரத்தி மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே மூவரும் குற்றவாளிகள் என்று அடுத்த வருடமே தீர்ப்பு வந்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு உடல் ஓடினால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும் என்று அந்த மூவரும் நினைத்தார்கள். நிலாவெளியில் எனக்குப் பின்னால் பார்த்த அந்த ஐயாவும் காரணத்தைத்தான் தேடினார். ஆனால் இரண்டு தேடலும் ஒன்றில்லை. அவர்கள் ஓடுகிறவனைக் குற்றவாளியாகக் கண்டார்கள். இவர் ஓடுகிறவனைத் தன்னைப்போல ஒருவனாகக் கண்டார். துரத்தப்படுகிறவன் என்று கண்டு சைக்கிளை ஓரம் கட்டி, கேட்டார். கேட்டுவிட்டு, நான் ஆம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? ஏற்றிக்கொண்டு போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒரு பெடியன் என்னோடு ஓடத் தொடங்கினான். செருப்பைக் கழற்றி இரண்டு கையிலும் கோத்துக்கொண்டு, வெறுங்காலில், என்னைவிட லேசாக ஓடினான். “எத்தினை கட்டை ஓடுவீங்க?” என்று கேட்டான். கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலமாகியும் திருகோணமலையில் தூரம் கட்டையில்தான்; மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று மைல்கல் எண்ணே இடத்துக்குப் பெயராக நிற்கிற ஊர். பதின்மூன்று கட்டை என்றேன். “காசு குடுப்பாங்களா?” இல்லை. “கப்?” அதுவும் இல்லை. கொஞ்சத் தூரம் யோசித்துக்கொண்டே ஓடிவந்தான். அவனுடைய பள்ளிக்கூடத்து மரதனில் மூன்றாவதாக வந்தானாம், முதலாவதாக வந்தவன் ஸ்பைக் சப்பாத்துப் போட்டிருந்தானாம். அடுத்த முறை பார் என்றான். எனக்குச் சொன்னானா தனக்குச் சொன்னானா தெரியாது. ஒரு கோயில் வாசல் வரை வந்து நின்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி, வந்ததைவிட வேகமாக ஓடிப்போனான். வீதியோரத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்லி ஏசினார், மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர்கூட அவனுக்குப் பின்னால் பார்க்கவில்லை. நான் கவனித்துப் பார்த்தேன், ஒருவரும் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று எழுதப் பழக்கமில்லை. அவன் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவன், அவனை அந்த ஊர் அறியும், பட்டப்பகல். இந்த மூன்றில் எது அந்த மாற்றத்துக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. விடியுமுன் இருட்டில், முகம் தெரியாத ஒரு பெடியனாக, அவன் ஓடிவந்தால் என்ன நடக்கும் என்பதையும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஓடி முடித்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. கடைசி இரண்டு கிலோமீற்றரில் தொடை கல்லாக இறுகி, வாய் வரண்டு, விடுதிப் படலையில் கை ஊன்றி நின்றபோது உடம்பு முழுக்க ஒரு தெளிவு. இப்படி ஒரு மண்ணில் இன்பத்துக்காக ஓடலாமா என்ற குற்ற உணர்வு இடையில் வந்து போனது உண்மை. அதை நான் நம்பவில்லை. துயரம் நடந்த வீதியில் யாரும் மகிழக்கூடாது என்றால் இந்தத் தீவில் எந்த வீதியும் மிஞ்சாது. இன்பத்துக்காக ஓடுவதில் பிழையில்லை. வந்துபோகிறவன் மட்டும் அப்படி ஓடுவதில்தான் பிழை இருக்கிறது. நிலாவெளி மாதிரி ஓர் ஊருக்கு அரை மரதன் பொருந்தும்: தட்டையான வீதி, இரண்டு பாலம், ஒரு பக்கம் கடல், விடியற்காலத்தில் வாகனம் குறைவு, தங்க இடம் நிறைய. இன்றைக்கோ நாளைக்கோ யாராவது வைக்கத்தான் போகிறார்கள். வைக்கும்போது ஹோட்டல்காரரும் சுற்றுலாத் துறையும் கொழும்பு ஓட்டக் குழுக்களும் வெளிநாட்டு விருந்தினரும் தானாகவே வந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். நிலாவெளி, இறக்கக்கண்டி, சாம்பல்தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். முதல் எண் அட்டைகளை அவர்களுக்குக் கொடுங்கள், அதில் பாதியைப் பெண் பிள்ளைகளுக்கு வையுங்கள். தாய்மாரிடம் கடையில் ஒட்டின நோட்டீஸ் பேசாது, வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். ஓடி முடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி கொடுங்கள், கடைசியாக வருகிறவர் வரும்வரை கோட்டைச் சுருட்டாதீர்கள். வீதியைக் காக்கப் பொலிஸ்காரர் நிற்கட்டும். ஆனால் தொடக்கக் கோட்டிலும் பரிசு மேடையிலும் சீருடை வேண்டாம், துவக்கு வேண்டவே வேண்டாம். முதல்நாள் இரவே ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவியுங்கள், நாளை விடியுமுன் இருட்டில் ஆட்கள் ஓடுவார்கள், ஒன்றும் நடக்கவில்லை, பயப்படவேண்டாம் என்று. அதைத் தமிழில் சொல்லுங்கள்.